மாநில மசோதாவை எதிர்த்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றம் நிறைவேற்றும் தீர்மானம் யாரைக் கட்டுப்படுத்துகிறது?

கேள்வி: வேம்படியான்

அனைவருக்கும் வணக்கம். நான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர எல்லைக்குள், மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் குடியிருக்கிறேன். எங்கள் பகுதியின் நெய்பர்ஹுட் கவுன்சில் எனப்படும் அக்கம்பக்கக் குழுவின் கூட்டங்களுக்கு இயன்றபோதெல்லாம் செல்வதுண்டு. அங்கே மீண்டும் மீண்டும் எழும் ஒரு வினாவுக்கு யாரும் முழுமையாக விடை சொல்வதில்லை என்பதால் இங்கே கேட்கிறேன்.

2025 ஆகஸ்ட் 19 அன்று எங்கள் நகர மன்றம், கலிபோர்னிய மாநில செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டுவந்த எஸ்.பி. 79 என்ற மசோதாவை, திருத்தப்பட்டாலன்றி எதிர்ப்பது என்று 8க்கு 5 என்ற வாக்குகளில் தீர்மானித்தது. ரயில் நிலையங்களையும் முக்கியமான பேருந்து நிறுத்தங்களையும் ஒட்டிய அரை மைல் சுற்றுக்குள், நகரத்தின் நிலப் பயன்பாட்டு விதிகள் என்ன சொன்னாலும், அடுக்குமாடி வீடுகளை அனுமதிக்க வேண்டும் என்பதே அந்த மசோதாவின் சாரம். நிலையத்தை ஒட்டிய மனைகளில் ஒன்பது மாடி வரைக்கும் இடமுண்டு. மேயர் கேரன் பாஸ் அவர்களும் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். இவ்வளவுக்கும் பிறகு சட்டமன்றத்தின் இரு அவைகளான செனட்டும் அசெம்பிளியும் மசோதாவை நிறைவேற்றின. அக்டோபர் 10 அன்று ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். 2026 ஜூலை 1 நடைமுறை நாளாகக் குறிக்கப்பட்டது.

இந்த மசோதா நல்லதா கெட்டதா என்பதை இங்கே விவாதிக்க நான் விரும்பவில்லை. மாநிலத்தின் கையிலுள்ள ஒரு விஷயத்தைப் பற்றி நகர மன்றம் எடுக்கும் "அதிகாரபூர்வ நிலைப்பாடு" சட்டப்படி எதைச் செய்கிறது என்பதுதான் என் ஐயம். எட்டுப் பேர் ஒரு பக்கமும் ஐந்து பேர் மறுபக்கமும் நின்றபோது, "நகரம் எதிர்க்கிறது" என்று மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவில் போய்ச் சொல்வதற்கு யாருக்கு உரிமை வருகிறது? அதற்குச் செலவாகும் பணம் எங்கள் வரிப்பணம் அல்லவா? அந்தத் தீர்மானம் உருவாகும்போது எங்களைப் போன்ற குடியிருப்போர் எந்த இடத்தில் நுழைந்து பேசலாம்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: ஆற்றோரம்

வணக்கம் வேம்படியான். நான் இதே மாவட்டத்தில் வேறொரு சிறிய நகரத்தின் மேலாளர் அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் நடைமுறையோடு அலுவல்முறையில் எனக்கு அறிமுகம் உண்டு.

இந்தத் தீர்மானம் சாக்ரமென்டோவில் யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர்கூட அதற்குச் செவிசாய்க்கக் கடமைப்பட்டவர் அல்லர். அது கட்டுப்படுத்துவது நகரத்தின் சொந்த மனிதர்களை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றம் இவ்வகையில் நிறைவேற்றும் தீர்மானங்களை எடுத்துப் பார்த்தால், முகப்பிலேயே ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். உள்ளூர், மாநில, கூட்டரசு அமைப்புகளின் முன் நிலுவையிலுள்ள சட்டம், விதி, கொள்கை ஆகியவற்றைக் குறித்து நகரம் எடுக்கும் எந்த அதிகாரபூர்வ நிலைப்பாடும், முதலில் மேயரின் இசைவோடு மன்றத் தீர்மானமாக நிறைவேறியிருக்க வேண்டும் என்பதே அந்த வாசகம். பலர் இதைச் சடங்கு வரி என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். என் பார்வையில், ஆவணம் முழுவதிலும் சட்ட வலிமை உள்ள வரி அது ஒன்றுதான். துறைத் தலைவரோ, துறைமுக அதிகாரியோ, நகரத்துக்காகச் சாக்ரமென்டோவில் பேசும் லாபியிஸ்டோ, தனியொரு மன்ற உறுப்பினரோ, தமக்குத் தோன்றியதை நகரத்தின் கருத்தாகச் சொல்லிவிடக் கூடாது என்று அது தடுக்கிறது. மன்ற உறுப்பினர் ஒருவர் தம் பெயரில், தம் தொகுதியின் பொருட்டுக் கடிதம் எழுதலாம். "லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம்" என்று அதில் எழுத அவரால் இயலாது.

நடைமுறை இப்படி அமைகிறது. உறுப்பினர் ஒருவர் தீர்மானத்தை முன்வைப்பார், இன்னொருவர் வழிமொழிவார். எஸ்.பி. 79க்கான எதிர்ப்பை முன்னெடுத்தவர், கடலோரப் பகுதிகளை உள்ளடக்கிய தொகுதியின் டிரேசி பார்க். அது மன்றக் கோப்பாகப் பதிவாகி, அரசுகளுக்கிடையிலான உறவுகளைக் கவனிக்கும் குழுவுக்குச் செல்லும். தலைமைச் சட்டமியற்றல் ஆய்வாளர் என்ற பதவியிலுள்ளவரின் அலுவலகம், மசோதாவின் சுருக்கம், நகரத்துக்கு அதனால் விளையக்கூடியவை, துறைகளின் கருத்து, தன் பரிந்துரை ஆகியவற்றை அறிக்கையாகத் தரும். என்னைக் கேட்டால் தீர்மானத்தைவிட அந்த அறிக்கையைத்தான் முதலில் படிக்க வேண்டும். மேடைப் பேச்சில் வராத விவரங்கள் அதில் கிடக்கும். குழுவைக் கடந்ததும் முழு மன்றம் வாக்களிக்கும். மன்றத்தில் 15 இடங்கள் இருப்பதால் 8 வாக்குகள் தேவை. அதாவது 2025 ஆகஸ்டில் கிடைத்தது தேவையான அளவு மட்டுமே. ஒருவர் மாறியிருந்தாலும் நகரத்துக்கு அந்த மசோதாவின்மீது நிலைப்பாடே இருந்திருக்காது.

நிறைவேறிய தீர்மானம் நகரத்தின் மாநிலச் சட்டமியற்றல் செயல்திட்டத்தில் சேர்க்கப்படும். கலிபோர்னியச் சட்டமன்றத்தின் அமர்வு இரண்டாண்டு நீளம் உடையது என்பதால், அந்தச் செயல்திட்டமும் அதே இரண்டாண்டின் பெயரைத் தாங்கியிருக்கும். அமர்வு முடியும்போது மசோதாவும் மடியும், அதைப் பற்றிய நிலைப்பாடும் வேலையற்றுப் போகும். அதே கருத்து வேறு எண்ணில் மறுபடி வந்தால், மன்றம் மீண்டும் வாக்களிக்க வேண்டும்.


பதில்: இளவெயினி

ஆற்றோரம் ஐயா நகரத்தின் பக்கத்திலிருந்து சொன்னதை, கடிதம் போய்ச் சேரும் இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் வீட்டுவசதி தொடர்பான அமைப்பொன்றில் பணிபுரிகிறேன், எஸ்.பி. 79ஐ ஆதரித்தவர்களுள் ஒருத்தி என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் சார்பை அறிந்து படியுங்கள்.

சட்டமன்றத்தின் ஒவ்வொரு குழுவும் மசோதாவைப் பரிசீலிக்கும் முன் அதன் ஊழியர்கள் ஒரு பகுப்பாய்வு எழுதுவார்கள். அதன் கடைசியில் ஆதரிப்போர், எதிர்ப்போர் என்று இரு பட்டியல்கள் இருக்கும். நகரங்கள், தொழிற்சங்கங்கள், வணிகச் சபைகள், தனிமனிதர்கள் எல்லோரும் இணையவாயில் வழியாகக் கடிதம் பதிவேற்றி அந்தப் பட்டியலில் இடம் பெறுகிறார்கள். குழு குறிக்கும் நாளுக்குப் பிறகு வரும் கடிதம் பட்டியலில் ஏறாது. விசாரணையில் இரு தரப்புக்கும் முதன்மைச் சாட்சிகளாக இரண்டிரண்டு பேருக்கு மட்டுமே விரிவாகப் பேச நேரம் கிடைக்கும். மற்றவர்கள் ஒலிவாங்கியின் முன் வரிசையாக வந்து, பெயர், அமைப்பு, நிலைப்பாடு என்ற மூன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். நாற்பது லட்சத்தை நெருங்கும் மக்கள்தொகை கொண்ட லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமும், சில ஆயிரம் பேர் வாழும் ஊரும் அந்தப் பட்டியலில் ஆளுக்கொரு வரிதான். பட்டியல் எத்தனை நீளம் என்பதை எண்ணி முடிவெடுக்கும் சட்டமன்ற உறுப்பினர் எவரையும் நான் பார்த்ததில்லை.

அப்படியானால் நிலைப்பாடு வீண்தானா? இந்த மன்றமே இதே வகை மசோதாக்களை மூன்று முறை எதிர்த்திருக்கிறது. அந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 2018 மார்ச்சில், ரயில் நிலையங்களை ஒட்டி உயரமான வீடுகளை அனுமதிக்க வீனர் கொண்டுவந்த எஸ்.பி. 827ஐ லாஸ் ஏஞ்சல்ஸ் மன்றம் ஒருமனதாக எதிர்த்தது. அடுத்த மாதமே அந்த மசோதா தன் முதல் குழுவில் தோற்றது. 2019 ஏப்ரலில் அதன் வழித்தோன்றலான எஸ்.பி. 50ஐ 12க்கு 0 என்று எதிர்த்தது. அந்த மசோதா மே மாதத்தில் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் நிறுத்தி வைக்கப்பட்டு, 2020 ஜனவரி இறுதியில் செனட் வாக்கெடுப்புக்கு வந்தது. 40 பேர் கொண்ட அவையில் 21 வாக்குகள் தேவைப்பட்டன, 18 மட்டுமே கிடைத்தன. மூன்றாவது, 2025இல் எஸ்.பி. 79, அது சட்டமாகிவிட்டது. ஒரே நகரம், ஒரே செனட்டர், ஏறக்குறைய ஒரே கருத்து. முதல் இரண்டு முறை நகரத்தின் எதிர்ப்பு வென்றதாகவும் மூன்றாம் முறை தோற்றதாகவும் கதை சொல்வது எளிது. என்னால் அதை ஏற்க இயலவில்லை.

எஸ்.பி. 50ஐ நிறுத்தி வைத்தவர் அந்தக் குழுவின் தலைவராயிருந்த ஆன்டனி போர்ட்டன்டினோ. அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் புறநகரான லா கன்யாடா பிளின்ட்ரிட்ஜில் முன்பு மன்ற உறுப்பினராகவும் மேயராகவும் இருந்தவர். நகரங்களின் எதிர்ப்பு, அந்த எதிர்ப்பைத் தம் சொந்த அனுபவமாகவே உணர்ந்த ஒருவரின் கையில், தடுக்கும் அதிகாரம் இருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது. 2025இல் நிலைமை வேறு. நகர மன்றம் ஆகஸ்ட் 19 அன்று வாக்களித்தபோது மசோதா செனட்டை ஏற்கெனவே கடந்து அசெம்பிளியின் பிற்பகுதிக் கட்டங்களை எட்டியிருந்தது. அந்த ஆண்டுக்கான கூட்டங்கள் முடியச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. கொள்கைக் குழுக்களில் வரிவரியாகப் பேரம் நடந்த மாதங்களில், "நகரத்தின் நிலைப்பாடு" என்று மேசையில் வைக்க லாபியிஸ்டுகளிடம் எதுவும் இல்லை. மன்றத்துக்குள்ளேயே ஐந்து பேர் உடன்படாத தீர்மானம் என்பதும் சாக்ரமென்டோவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 12க்கு 0 என்பதற்கும் 8க்கு 5 என்பதற்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு இல்லை. ஆனால் அந்த நகரத்திலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட அசெம்பிளி உறுப்பினர், தம் தொகுதி பிளவுபட்டிருக்கிறது என்று அறிந்தால் தம் விருப்பப்படி வாக்களிக்க அதைவிட வேறு அனுமதி தேவையில்லை.

ஆகவே நான் மதிப்பது ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டையும் அல்ல. "திருத்தினால் ஆதரவு", "திருத்தாவிடில் எதிர்ப்பு" என்ற இடைநிலைகளை. வெறும் எதிர்ப்பைப் பதிவு செய்த நகரத்தோடு மசோதாவின் ஆசிரியர், அதாவது அதைக் கொண்டுவந்த உறுப்பினர், பேச ஒன்றுமில்லை. எந்தப் பிரிவில் எந்தச் சொற்களை மாற்றினால் எதிர்ப்பு விலகும் என்று எழுதித் தருகிற நகரத்தைக் கூப்பிட்டு உட்காரவைக்கத்தான் வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் 2025 தீர்மானமும் வடிவத்தில் அப்படிப்பட்டதுதான்: மாநிலம் ஏற்றுக்கொண்ட வீட்டுவசதித் திட்டம் உள்ள நகரங்களை மசோதாவிலிருந்து விலக்க வேண்டும் என்று கேட்டது. சிக்கல் என்னவென்றால், அந்த விலக்கைத் தந்தால் மசோதா யாரைக் குறிவைத்து எழுதப்பட்டதோ அந்த நகரங்களே வெளியேறிவிடும். திருத்தம் என்ற பெயரில் கேட்கப்பட்ட முழு விலக்கு அது. ஆசிரியர் ஒப்புக்கொள்வார் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சட்டத்தின் இறுதி வடிவில், நகரங்கள் தமக்கேற்ற மாற்றுத் திட்டம் வகுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை இன்னும் அகலப்படுத்தும்படி மார்ச்சிலோ ஏப்ரலிலோ கேட்டிருந்தால், நகரத்துக்குக் கூடுதலாக ஏதேனும் கிடைத்திருக்கக்கூடும் என்பது என் கணிப்பு.

இடையில் ஒரு செய்தி. மேயர் பாஸ் அவர்கள் 2008 முதல் 2010 வரை அசெம்பிளியின் சபாநாயகராக இருந்தவர். வீனர் சான்பிரான்சிஸ்கோவின் நகராளுமை மன்றத்தில் உறுப்பினராக இருந்து செனட்டுக்குச் சென்றவர். நகரத்துக் கடிதத்துக்கு என்ன விலை என்பது இருவருக்குமே நன்றாகத் தெரியும்.


பதில்: வேம்படியான்

இருவருக்கும் மிக்க நன்றி. மேயரின் இசைவு பற்றி ஒன்று கேட்க வேண்டும். மன்றமும் மேயரும் வேறு வேறு கருத்துடையவர்களாக இருந்தால் அப்போது "நகரம்" என்பது யார்? மேலும் வரிப்பணம் பற்றிய என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.


பதில்: நத்தம் கிழார்

முதல் கேள்விக்குச் சான்பிரான்சிஸ்கோ நல்ல எடுத்துக்காட்டு. எஸ்.பி. 50ஐ 2019 ஏப்ரலில் அந்நகரின் மன்றம், திருத்தாவிடில் எதிர்ப்பது என்று 9க்கு 2 என்ற கணக்கில் தீர்மானித்தது. அன்றைய மேயர் லண்டன் பிரீட் அதே மசோதாவை வெளிப்படையாக ஆதரித்தார். இரு தரப்பும் தத்தம் பெயரில் பேசின; செய்தித்தாள்கள் தமக்கு விருப்பமானதைத் தலைப்பாக்கின. லாஸ் ஏஞ்சல்ஸ் மேயரின் இசைவைத் தீர்மானத்துக்குள்ளேயே கேட்பது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். இசைவு இல்லையென்றால் நகரம் ஒருமித்த குரலில் பேசவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட நேரத்தில் நகரம் வாய் திறக்காமலிருப்பது நாணயமான நிலை என்றே நான் நினைக்கிறேன்.

வரிப்பணத்தைப் பற்றி. கலிபோர்னிய அரசுச் சட்டத் தொகுப்பின் 50023ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்பின் மன்றம் நேரடியாகவோ பிரதிநிதி மூலமாகவோ மாநிலச் சட்டமன்றத்துக்கும் அமெரிக்கக் காங்கிரசுக்கும் அவற்றின் குழுக்களுக்கும் சென்று, தனக்கு நன்மை தரும் சட்டம் நிறைவேறவும் தீமை தரும் சட்டம் நிறைவேறாதிருக்கவும் தகவல்களை முன்வைக்கலாம் என்று தெளிவாக அனுமதிக்கிறது. ஆகவே லாபியிஸ்டுக்குப் பணம் கொடுப்பது சட்டத்துக்கு உட்பட்டதே. அவ்வாறு செலவிடும் நகரங்கள் மாநிலச் செயலரிடம் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தர வேண்டும். அந்தக் கணக்குகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். உங்கள் குழுக் கூட்டத்தில் வரிப்பணம் பற்றிக் கோபப்படுகிறவர்கள் அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. கோபம் கூடலாம், குறையலாம், ஆனால் எண்ணோடு பேசலாம்.

ஆனால் மசோதா வேறு, தேர்தலில் மக்கள் வாக்குக்கு விடப்படும் முன்மொழிவு வேறு. 1976இல் ஸ்டான்சன் எதிர் மாட் வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், வாக்காளர்களை ஒரு பக்கம் சாய்க்கப் பொதுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சட்டமன்றத்தில் உறுப்பினர்களிடம் வாதிடுவது ஆட்சி நடத்துவதன் பகுதி. வாக்காளரிடம் பிரசாரம் செய்வது ஆட்சியிலிருப்போர் தேர்தலில் தலையிடுவது. இந்தப் பிரிவினை எனக்கு நியாயமாகவே படுகிறது. வாக்குக்கு வரும் முன்மொழிவைப் பற்றிக்கூட, பொதுமக்கள் பேச வாய்ப்புள்ள திறந்த கூட்டத்தில் மன்றம் தன் கருத்தைத் தீர்மானமாக நிறைவேற்றலாம். அதற்கு மேல் துண்டறிக்கை அச்சிட்டு வீடு வீடாக அனுப்பினால் வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கும்.


பதில்: கோடைமழை

சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே இது சரியாகிவிடுமா? நகர மன்றங்கள் தம் எல்லைக்குள் நடைபாதை பெயர்ந்து கிடப்பதைக் கவனிக்காமல், தமக்கு அதிகாரமே இல்லாத விஷயங்களில் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கின்றன. 2020 பிப்ரவரி 3 அன்று சியாட்டில் நகர மன்றம், இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறும்படி இந்திய நாடாளுமன்றத்தைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின் மீது நமக்கு என்ன கருத்து இருந்தாலும், சியாட்டில் மன்றம் சொல்லி டெல்லி கேட்குமா? இப்படிப்பட்டவற்றுக்கும் எஸ்.பி. 79 தீர்மானத்துக்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டா என்பதே என் கேள்வி.


பதில்: நத்தம் கிழார்

கோடைமழை, இந்த ஆட்சேபம் பழையது. நீதிமன்றமும் அதைக் கேட்டிருக்கிறது. 1967இல் வியட்நாம் போரில் உடனடிப் போர்நிறுத்தமும் படைவிலக்கமும் வேண்டும் என்ற கொள்கைப் பிரகடனத்தை வாக்குக்கு விட வேண்டும் என்று சான்பிரான்சிஸ்கோ மக்களில் ஒரு பகுதியினர் கையெழுத்துத் திரட்டினார்கள். நகரத்துக்கு அயலுறவில் அதிகாரம் இல்லை என்று தேர்தல் பதிவாளர் மறுத்தார். பார்லி எதிர் ஹீலி என்ற அந்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் மனுதாரர் பக்கம் நின்றது. நகர மன்றங்கள் சமூகத்துக்கு அக்கறையுள்ள விஷயங்களில், அவற்றைச் சட்டமாக்கும் அதிகாரம் தமக்கு உண்டோ இல்லையோ, கொள்கைப் பிரகடனம் செய்வது வழிவழியாக உள்ள வழக்கம் என்று அது ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. முன்மொழிவு தோற்றது என்பது தனிக்கதை.

ஆனால் சியாட்டில் எடுத்துக்காட்டையும் எஸ்.பி. 79ஐயும் ஒரே தட்டில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முன்னது நிறைவேறி முடிந்த, வேறொரு நாட்டின் சட்டம். அங்கே நகரம் பேசியது தன் குடிமக்களில் ஒரு பகுதியினரின் கவலையை. பின்னது நகரத்தின் சொந்த நிலப் பயன்பாட்டு அதிகாரத்தில் கைவைக்கும், இன்னும் நிறைவேறாதிருந்த மசோதா. மாநிலம் நகரத்தின் வேலையை மாற்றி எழுதும்போது, அந்த வேலையை நாள்தோறும் செய்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது என்றால், யார்தான் சொல்வது? நடைபாதைக்கு வருகிற பணத்திலும் ஒரு பகுதி மாநில பெட்ரோல் வரியிலிருந்து வருகிறது. அந்த வரியைத் திருத்தும் மசோதா வந்தால் உங்கள் மன்றம் பேசாதிருப்பதை நீங்களே விரும்ப மாட்டீர்கள்.


பதில்: இளவெயினி

கோடைமழை அவர்களின் எரிச்சலில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. தீர்மானத்தின் பயன் அதை யார் தூக்கிச் செல்கிறார் என்பதில் இருக்கிறது. எந்தக் குழுவுக்கு, எந்தத் தேதிக்குள், எந்தத் திருத்தத்தோடு என்ற மூன்றும் எழுதப்படாத தீர்மானத்தை நான் செய்திக்குறிப்பு என்றே எடுத்துக்கொள்வேன்.


பதில்: ஆற்றோரம்

இதுவரை பேசியதெல்லாம் பெரிய நகரத்தைப் பற்றியது. கலிபோர்னியாவிலுள்ள 480க்கும் மேற்பட்ட நகரங்களில் பெரும்பாலானவற்றில், தனித்தனி மசோதாவுக்குத் தனித்தனித் தீர்மானம் என்ற ஆடம்பரம் கிடையாது. ஆண்டின் தொடக்கத்தில் மன்றம் "சட்டமியற்றல் தளம்" என்றொரு ஆவணத்தை ஏற்றுக்கொள்ளும். உள்ளூர் நிலப் பயன்பாட்டு அதிகாரத்தைக் குறைக்கும் மசோதாக்களை எதிர்ப்பது, நிதியில்லாமல் சுமத்தப்படும் கடமைகளை எதிர்ப்பது, குடிநீர்க் கட்டமைப்புக்கு நிதி தரும் மசோதாக்களை ஆதரிப்பது என்று பொதுவான வரிகள் அதில் இருக்கும். அதன்பின் அந்த வரிகளுக்குப் பொருந்தும் எந்த மசோதாவுக்கும், மன்றத்துக்கு மீண்டும் வராமலே மேயர் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பலாம்.

இதற்குக் காரணம் நேர நெருக்கடி. உள்ளாட்சிக் கூட்டங்கள் திறந்தவையாக நடக்க வேண்டும் என்னும் 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பு வெளியிட வேண்டும். மாதம் இருமுறை கூடும் மன்றத்துக்கு, அமர்வின் கடைசி வாரங்களில் முழுதாக மாற்றி எழுதப்படும் மசோதாவைப் பின்தொடர்வது கடினம். 2016இல் வாக்காளர்கள் ஏற்ற 54ஆவது முன்மொழிவின்படி, இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரத்துக்கு முன் அச்சில் இருக்க வேண்டும் என்பதால் ஓரளவு மூச்சுவிட முடிகிறது. 24 மணி நேர அறிவிப்போடு சிறப்புக் கூட்டம் கூட்ட இயலும் என்றாலும், கடிதம் ஒன்றுக்காக அதைச் செய்த மன்றம் அரிது.

இந்த ஏற்பாட்டின் குறையை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 1898இல் தொடங்கப்பட்ட கலிபோர்னிய நகரங்களின் கூட்டமைப்பு, தான் எதிர்க்கும் மசோதா குழுவுக்கு வரும்போது உறுப்பு நகரங்களுக்கு மாதிரிக் கடிதம் அனுப்பும். நகரத்தின் பெயரையும் மேயரின் பெயரையும் இட்டு நிரப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. ஒரே வாசகமுள்ள கடிதங்கள் பல நகரங்களிலிருந்து போகின்றன. அந்த மசோதாவைப் பெயர் சொல்லி மன்றத்தில் யாரும் விவாதித்திருக்க மாட்டார்கள். ஊர்க்காரர்களுக்குத் தம் நகரம் எதிர்த்தது என்பதே தெரிந்திருக்காது. லாஸ் ஏஞ்சல்ஸில் எட்டுக்கு ஐந்து என்று எல்லோரும் பார்க்கச் சண்டையிட்டது, தாமதமாக இருந்தாலும், எனக்கு மதிப்புக்குரியதாகவே தோன்றுகிறது.


பதில்: வேம்படியான்

மிகவும் தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: எங்கள் நெய்பர்ஹுட் கவுன்சில் இதில் எந்தக் கட்டத்தில் நுழையலாம்?


பதில்: ஆற்றோரம்

1999இல் வாக்காளர்கள் ஏற்ற புதிய நகரச் சாசனம்தான் உங்கள் குழுக்களை உருவாக்கியது. நகரம் முழுவதும் இப்போது ஏறத்தாழ நூறு குழுக்கள் இயங்குகின்றன. மன்றக் கோப்பு ஒன்று திறக்கப்பட்டதும், உங்கள் குழு தன் கூட்டத்தில் வாக்களித்து, "சமூகத் தாக்க அறிக்கை" என்ற பெயரில் தன் நிலைப்பாட்டை அந்தக் கோப்பில் இணைக்கலாம். ஆதரவு, எதிர்ப்பு, திருத்தினால் ஆதரவு, திருத்தாவிடில் எதிர்ப்பு என்ற அதே வகைகள் அங்கும் உண்டு. தலைமைச் சட்டமியற்றல் ஆய்வாளரின் அறிக்கையும் உங்கள் அறிக்கையும் ஒரே கோப்பில் கிடக்கும்.

இரண்டு நடைமுறைக் குறிப்புகள். கோப்பு எண் இல்லாமல் அறிக்கையைச் சமர்ப்பிக்க வழியில்லை. ஆகவே நீங்கள் கவலைப்படும் மசோதாவுக்கு எந்த மன்ற உறுப்பினரும் தீர்மானம் கொண்டுவரவில்லையென்றால், முதலில் உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தை அணுகிக் கேளுங்கள். அடுத்து, உங்கள் குழுவும் பிரவுன் சட்டத்துக்கு உட்பட்டதே. மாதம் ஒருமுறை கூடும் குழு, நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளில் வாக்களிக்க இயலாது. மாநில மசோதாக்களைத் தாக்கல் செய்யும் கெடு பிப்ரவரியில் முடிகிறது. கொள்கைக் குழுக்களின் விசாரணை மார்ச், ஏப்ரலில் மும்முரமாக நடக்கும். பிப்ரவரிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் "நிலுவையிலுள்ள மாநில மசோதாக்கள்" என்று ஓர் இனத்தை இப்போதே சேர்த்துவிடும்படி உங்கள் குழுத் தலைவரிடம் சொல்லி வையுங்கள்.